ஐந்தாம் நம்பர் வீடியோவில் யார் கை?

அத்தியாயம் 17

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த வீரய்யா டாக்டரு தன் வாயாலயே தன் கையைக் காறித் துப்புவாரு. அதுவும் மைக்கு வச்சு, ஆள் கூட்டி! நடக்கலைன்னா நான் முந்திரி வறுக்கிறதையே விட்டுட்டு ஊமையாப் போயிடுறேன்!"

செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று செவந்தி இந்தச் சபதத்தைப் போட்டபோது, மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக் குக்கர் விசிலைப் பாதியில் விழுங்கிக்கொண்டது. தெருமுனைக் குழாயில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கொஞ்சம் பயந்து நின்றதாகவும் புதுக்கோட்டையில் அந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு.

சிவபிரகாஷ் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரையோடு தாயை ஏற இறங்கப் பார்த்தான். முந்திரி வறுப்பதை விட்டாலும் விடுவாள். ஊமையாவது என்பது இந்தப் பிறவியில் அவளால் ஆகாத காரியம்.

"மொதல்ல உள்ள வா ஆத்தா. தெருவே பார்க்குது."

"பார்க்கட்டுமே! ஆலங்குடியில பஸ் ஏறுனதுலேருந்து வழிநெடுகச் சொல்லிக்கிட்டுத்தான் வாரேன். கண்டக்டரு டிக்கெட் போடுறதை நிறுத்திட்டு அழுதுட்டாரு, தெரியுமா?"

செவந்தியின் கோபம் ஊரறிந்தது. ஆலங்குடியில் அவளுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட் ஒன்று இருக்கிறது. எடையில் கை வைத்த வியாபாரி ஒருவனைப் பார்த்து அவள் ஒருமுறை போட்ட சத்தத்தில், அடுப்பில் ஏற்றாத கொட்டைகள் எல்லாம் தானாகவே வறுபட்டுவிட்டன என்பார்கள். அப்படிப்பட்டவளிடம் போன வாரம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சிவபிரகாஷ் போனில் உளறிவிட்டான். ஒரு வாரம் அடக்கிவைத்த கோபம் இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறது.

நடந்தது இதுதான். கீரனூருக்கு இங்கிட்டு, திருச்சி ரோட்டில் இருக்கும் தேன்வயல் மருத்துவமனையில் சிவபிரகாஷின் மனைவி பொற்கொடி சர்ஜன். அவனும் அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறான். பிரிவு என்றால் அவன் ஒருவன்தான் பிரிவு. பொற்கொடி செய்வது லேப்ராஸ்கோப்பி. வயிற்றைக் கிழிக்காமல் நாலைந்து சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் கம்பி போன்ற கருவிகளையும் விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே குடலை வெட்டி ஒட்டுகிற வேலை.

கறம்பக்குடி இன்னாசி என்பவருக்குக் குடலில் கட்டி. அதை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துத் தைத்தார்கள். தைத்த இடம் கசிந்துவிட்டது. மறுபடியும் வயிற்றைத் திறந்து, மனுஷர் இப்போது மலம் சேர இடுப்பில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு வார்டில் கிடக்கிறார். டாக்டர்கள் கூட்டத்தில் தலைமை சர்ஜன் வீரய்யா எழுந்து, "பொற்கொடிக்குக் கை சரியில்லை. இனிமே கேமரா மட்டும் பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பொற்கொடி சொன்னது வேறு. "அன்னைக்கும் நான் கேமராதான் பிடிச்சேன். வெட்டுனதும் தச்சதும் அவரு. நல்லபடியா முடிஞ்சா ரிஜிஸ்டர்ல அவர் பேரு. சொதப்புனா கையைக் கழுவிட்டு, எங்கள்ல யாராவது ஒருத்தர் பேரைப் போடச் சொல்லிட்டுப் போவாரு. ரெண்டு வருஷமா இதுதான் நடக்குது."

இதைக் கேட்ட சிவபிரகாஷ், ஒரு புருஷன் சொல்லக்கூடாத ஒரே ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னான்.

"ஆனா ரிஜிஸ்டர்ல ஒன் பேருதானே இருக்கு?"

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. "கதவைச் சாத்துங்க", "கேஸ் தீர்ந்துருச்சு" தவிர வேறு வார்த்தை கிடையாது. அதையும் அவள் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். சுவருக்கே சங்கடமாகிவிட்டது.

அடுப்படியிலிருந்து பொற்கொடி வந்தாள். புடவையில் அத்தனை மடிப்பும் கத்தி மாதிரி நின்றது.

"வாங்க அத்தை. காபி போடவா?"

"காபியை அந்த டாக்டரு தலையில ஊத்து. ஏத்தா, இன்னைக்கு என்னமோ பரீட்சையாமே?"

"பரீட்சை இல்லை அத்தை. நாங்க பண்ண ஆபரேஷன் வீடியோவைப் போட்டுப் பார்த்து, கைக்கு மார்க் போடுவாங்க. மென்மையாப் பிடிக்கிறோமா, ரெண்டு கையும் சேர்ந்து வேலை செய்யுதா, வீணா அசையுதா, தையல் ஒழுங்கா விழுதான்னு. பாஸானா தனியா ஆபரேஷன் பண்ணலாம். இல்லைன்னா கேமராதான், காலம் பூரா."

"மார்க் போடுறது யாரு?"

"மதுரையிலேருந்து பெலிக்ஸ்னு ஒரு டாக்டர் வாராரு. அப்புறம்…" பொற்கொடி பல்லைக் கடித்தாள். "வீரய்யா சாரு."

"திருடனையே போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்கானுங்க!"

"யாரு வீடியோன்னு வீரய்யா சாருக்குத் தெரியாது ஆத்தா" என்று சிவபிரகாஷ் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். "மூணு ஜூனியர் டாக்டருங்க, ஆளுக்கு ரெண்டு வீடியோ. அந்த மதுரை டாக்டரே ரிஜிஸ்டரைப் பார்த்துச் சீட்டுக் குலுக்கி எடுத்தாரு. பேரும் இருக்காது, சத்தமும் இருக்காது, நம்பர்தான் இருக்கும். அதனால நீ சொல்றது நடக்கவே நடக்காது. அவரு வீடியோவே அதுல இல்லை. அப்புறம் எப்படித் தன்னையே துப்பிக்குவாரு?"

"எப்படின்னு எனக்கெதுக்குடா? நடக்கும். என் வயிறு எரியுது, நடக்கும்."

"வயிறு எரிஞ்சா ஜெலுசில் குடி ஆத்தா."

பொற்கொடி முதல்முறையாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் சிவபிரகாஷுக்குக் காதோரம் பொசுங்கியது.

"கேலி பண்ணுங்க. ஒங்களுக்கென்ன? ரிஜிஸ்டரைப் பார்த்து நம்புறவங்களுக்குப் பொண்டாட்டி எதுக்கு? அந்த ரிஜிஸ்டரையே கட்டிக்க வேண்டியதுதானே?"

"நான் என்ன சொல்லிட்டேன்…"

"கேட்டீங்களா அத்தை? என்ன சொல்லிட்டாராம்! இன்னாசி அய்யா தினமும் ரவுண்ட்ஸ்ல என்னைப் பார்த்து, 'ஏன் தாயி இப்படிப் பண்ணிட்ட?'ன்னு கேக்குறாரு. அவரு கேக்குறதைத் தாங்கிக்குவேன். வீட்டுக்கு வந்தா இவரும் அதையேதான் கேக்குறாரு."

செவந்தி மகனைப் பார்த்தாள். "நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்று, கழற்றாத செருப்போடு அப்படியே திரும்பி நடந்தாள்.

*

ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் ஏசி நின்றுபோய்க் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வாசல் நாற்காலியில் செவந்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியாட்கள் கூடாது என்று சொல்ல வந்த காவலாளி, ஒரு கை வறுத்த முந்திரியை வாங்கிக்கொண்டு, சொந்த ஊரில் தனக்கு எத்தனை பங்காளிகள் என்ற முழு விவரத்தையும் ஒப்பித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சிவபிரகாஷ் கம்ப்யூட்டர் மேசையில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. மீன் கழுவுவதைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுவான். சர்ஜனைக் கட்டிக்கொண்டதே ஊரில் பெரிய வேடிக்கை. இந்த ஆறு வீடியோக்களைத் தயார் செய்யும் வேலையை வீரய்யாதான் அவன் தலையில் கட்டினார். "பேரை அழிக்கிறதுக்கு என்ன பெரிய ஆள் வேணும்? அந்தக் கம்ப்யூட்டர் பய செய்வான்."

கேமரா வயிற்றுக்குள் போவதற்கு முன்னாலும் வெளியே வந்த பின்னாலும் ஆள் முகம் தெரியும். அந்தத் தலையையும் வாலையும் நறுக்கிவிட்டுச் சத்தத்தை எடுக்க வேண்டும். சிவபிரகாஷ் என்ன செய்தான்? திரையின் மேல் ஒரு காலண்டர் தாளை ஒட்டிவிட்டு, கீழே ஓடும் கோட்டை மட்டும் பார்த்து நறுக்கினான். நடுவில் இருந்த மணிக்கணக்கான குடலை அவன் கண்கொண்டு பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பெலிக்ஸ் வந்து தானே நம்பர் போட்டு முன்பின் கலைத்துவிட்டார். எது யாருடையது என்று அவனுக்கும் தெரியாது.

மருத்துவமனையைக் கட்டிய சேர்மன் சேவுகன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முந்திரி ஏற்றுமதியில் சம்பாதித்தவர். டாக்டர்கள் சண்டை என்றால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். மூன்று ஜூனியர் டாக்டர்களும் கடைசி வரிசை. நடுவில் பொற்கொடி. அவளுடைய வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

வீரய்யா வந்தார். அவருக்கு முன்னால் அவர் மீசை வந்தது. அந்த மீசையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, இரண்டு பக்கமும் புறா உட்காரலாம். தியேட்டரில் கூட முகமூடியை மூக்குக்கும் மீசைக்கும் கீழேதான் மாட்டுவார். நர்ஸுகள் கேட்டால், "மூச்சு விட வேண்டாமா?" என்பார். மூக்கைச் சொல்கிறாரா மீசையைச் சொல்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். பெலிக்ஸ் என்ற மதுரை டாக்டர் ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். அவருக்கு மைக் தேவைப்படவில்லை, கிடைக்கவும் இல்லை.

முதல் வீடியோ ஓடியது. "சுமார்" என்றார் வீரய்யா.

இரண்டாவது ஓடியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆங்! இது கை! ரெண்டு கையும் பேசிக்கிட்டே வேலை செய்யுது பாருங்க. ஒரு சொட்டு ரத்தம் இருக்கா? இது நான் கத்துக்கொடுத்த கை. யாருன்னு எனக்குத் தெரியும்" என்று தன் செல்லப்பிள்ளையான இன்னொரு ஜூனியரைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த ஜூனியர் குழப்பத்தோடு கூரையைப் பார்த்தான்.

மூன்றும் நான்கும் வந்து போயின. சிவபிரகாஷ் கீபோர்டையே பார்த்துக்கொண்டு பட்டனை அமுக்கினான்.

ஐந்தாம் நம்பர் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது.

"நிறுத்து!" மைக் கிறீச்சிட்டது. "இல்லை, நிறுத்தாதே, ஓட்டு. எல்லாரும் பார்க்கட்டும். இது யாரு கை? குடலைப் பிடிச்சிருக்கா, மாட்டுக் கயித்தைப் பிடிச்சிருக்கா?"

மைக்கைத் திரைப் பக்கம் நீட்டினார்.

"இடது கையைப் பாருங்க. சும்மா தொங்குது. கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்குது. வலது கை மட்டும் இழு இழுன்னு இழுக்குது. இப்படி இழுத்தா என்ன ஆகும்? பிஞ்சிடும். பிஞ்சிடும்… பிஞ்சிடுச்சு! சொன்னேனா இல்லையா?"

சேர்மன் கண்ணை மூடிக்கொண்டார். சிவபிரகாஷ் ஏற்கெனவே மூடிவிட்டிருந்தான்.

"ரத்தம்! இப்ப ரத்தம் வந்தாச்சு, அதை எங்க பிடிக்கணும்னு தெரியலை, கண்ட இடத்துல கரண்டு வச்சுச் சுடுது. இது சர்ஜனா, தோசை மாஸ்டரா? இன்னும் கொஞ்சம் ஓட்டு. தையலுக்குப் போ."

சிவபிரகாஷ் ஓட்டினான்.

"ஐயோ ஐயோ ஐயோ!" வீரய்யா மைக்கோடு எழுந்தே நின்றுவிட்டார். மீசை இரண்டு பக்கமும் துடித்தது. "ரத்த ஓட்டமே இல்லாத ஓரத்தைக் கொண்டுபோய் ஒட்டுது. விறைப்பா இழுத்து ஒட்டுது. இது கசியாம என்ன செய்யும்? படிச்சவன் செய்யிற காரியமா இது? இதைச் செய்தவங்க பேரை நான் சொல்லலை. ஆனா இந்த அறையிலதான் இருக்காங்க!"

அவர் கண் கடைசி வரிசையில் பொற்கொடி மேல் போய் நின்றது. எல்லார் தலையும் அங்கே திரும்பியது.

"இந்தக் கை இனிமே குடல் பக்கமே வரக்கூடாது. கேமராகூடப் பிடிக்கக்கூடாது. என்னைக் கேட்டா, காய்கறி நறுக்கிறதுக்குக்கூட இந்தக் கையை நம்பிக் கத்தி தரமாட்டேன்!"

மார்க் தாளில் எல்லாக் கட்டத்திலும் இருக்கிறதிலேயே குறைந்த மார்க்கைப் போட்டார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் வாசலில் இருந்த செவந்திக்கே கேட்டது.

"முழுசாப் பார்த்துட்டு மார்க் போடலாமே சார்?" என்றார் பெலிக்ஸ்.

"முழுசா வேற பார்க்கணுமா? போதும், சகிக்கலை!"

"முறைன்னு ஒண்ணு இருக்கு சார். ஓடட்டும் தம்பி."

சிவபிரகாஷ் மனைவியைப் பார்த்தான். தட்டிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. உதடு இறுகியிருந்தது.

அவள் உடைந்துவிட்டாள் என்றே நினைத்தான். ரிஜிஸ்டரில் இருந்தது சரிதான் போலிருக்கிறது. பாவம், ஒப்புக்கொள்ள மனசு வராமல் பெரியவர் மேல் பழி போட்டிருக்கிறாள். ராத்திரி சமாதானமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும், எல்லாருக்கும்தான் தப்பு நடக்கும் என்று. புத்தியுள்ள புருஷன் இப்படித்தானே நினைப்பான்? அவன் புத்தி அன்று அந்த மட்டும்தான் ஓடியது.

அப்போதுதான் திரை மங்கியது.

வயிற்றுக்குள் இருக்கும் சூட்டில் கேமரா லென்ஸில் ஆவி படியும். அதை வெளியே எடுத்து வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விடுவார்கள். எல்லா ஆபரேஷனிலும் நடப்பதுதான். தலையையும் வாலையும் நறுக்கிய சிவபிரகாஷுக்கு, உடம்பின் நடுவில் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. காலண்டர் தாளும் சொல்லவில்லை.

திரையில் சிவப்புப் போய் வெள்ளை வந்தது. பச்சைத் துணி வந்தது. தியேட்டர் விளக்கு வந்தது. கேமரா கொஞ்சம் சாய்ந்தது.

பிறகு மீசை வந்தது.

சுவர் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மீசை. அதற்குக் கீழே முகமூடி. அதற்கு மேலே வீரய்யா. இரண்டு கையிலும் இரண்டு கருவி. இரண்டும் வயிற்று ஓட்டைக்குள் நட்டுவைத்த மாதிரி நிற்கின்றன. சத்தமில்லாத படத்தில் அவர் வாய் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

கையில் மைக்கோடு கீழே நின்ற வீரய்யாவும், சுவரில் இருந்த வீரய்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குமே ஒருவரையொருவர் பிடிக்கவில்லை.

லென்ஸைத் துடைத்து முடித்து, கேமரா மறுபடி உள்ளே போனது. அதே கை, அதே இழுப்பு.

பொற்கொடி எழுந்தாள்.

"அந்தக் கேமராவைப் பிடிச்சிருக்கிறது நான் சார். படம் ஓட ஆரம்பிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். இன்னாசி அய்யா வயிறு அது. 'பொற்கொடி பண்ணா'ன்னு எழுதச் சொன்னீங்களே, அந்த ஆபரேஷன். எத்தனை தடவை சார் அந்த மனுஷன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன், தெரியுமா? நீங்க கிழிச்சதுக்கு!"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அழுகையால் அல்ல. அதற்கு மேல் கோபத்தை ஏற்ற அந்தக் குரலில் இடமில்லை.

"ந… நடுவுல உதவிக்கு வந்திருப்பேன்" என்றார் வீரய்யா.

பெலிக்ஸ் எழுந்தார். மைக் இல்லாமலே பேசினார். "கருவி ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு சார். படம் எங்கேயும் அறுபடலை. முன்னாடி இழுத்த கையும் பின்னாடி தச்ச கையும் ஒண்ணுதான்." தன் தாளைப் பார்த்தார். "ரெண்டாம் நம்பர் யாரோடதுன்னும் சொல்லிடுறேன். டாக்டர் பொற்கொடியோடது. நீங்களும் நானும் அதுக்குத்தான் அதிக மார்க் போட்டிருக்கோம்."

வாசலில் ஒரு நாற்காலி விழுந்தது. செவந்தி உள்ளே வந்துவிட்டாள்.

"கேட்டுச்சாடா? எல்லாம் எனக்குக் கேட்டுச்சு! காய்கறி நறுக்கக்கூடக் கத்தி தரமாட்டேன்னாரே, யாரு கைக்காம் அது?"

"யாரும்மா நீங்க? வெளியே போங்க!" என்று வீரய்யா மைக்கில் கத்தினார்.

"நான் போறேன் டாக்டரே. ஒங்க மூஞ்சியை மொதல்ல அந்தச் செவுத்துலேருந்து எறக்கி எடுத்துக்கிட்டுப் போங்க!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வீரய்யாவை உசுப்பியது. சடாரென்று கம்ப்யூட்டர் மேசை பக்கம் திரும்பினார்.

"இவன்! இவன் செஞ்ச வேலை இது! பொண்டாட்டிக்காக வேற எதையோ வெட்டி இதுல ஒட்டியிருக்கான். சேர்மன் சார், இந்த மதிப்பீடே செல்லாது!"

"செல்லாதுன்னா நல்லதாப் போச்சு" என்றார் பெலிக்ஸ், அதே தணிந்த குரலில். "டாக்டர் பொற்கொடி பேர்ல இருக்கிற எல்லாக் கேஸோட வீடியோவையும் ஆரம்பத்துலேருந்து பார்த்துடலாம். மத்த ரெண்டு பேரோடதையும். அப்பத் தெரிஞ்சுடும், யாரு கை எங்க எங்க இருந்ததுன்னு."

சேர்மன் சேவுகனுக்கு வேர்த்தது. எத்தனை வயிறு, எத்தனை குடும்பம், எத்தனை இன்னாசி என்று அவர் மனசு கூட்டத் தொடங்கியதும் அவரே அதை அதட்டி நிறுத்தினார். எழுந்து, யாருக்கும் கேட்காதபடி சிவபிரகாஷின் காதருகே குனிந்தார்.

"தம்பி, பைல் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கம்ப்யூட்டர்ல நடக்கிறதுதானே? நீ சொன்னா இந்த மதுரைக்காரரு கிளம்பிடுவாரு. திங்கக்கிழமையிலேருந்து ஒன் வீட்டுக்காரம்மா தனியா ஆபரேஷன் பண்ணட்டும், நானே உத்தரவு போடுறேன். பெரியவரு மானமும் போகாது. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவள் கேட்டது அதுதானே? தனியாக ஆபரேஷன் செய்ய வேண்டும், அவ்வளவுதானே? ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். சிவபிரகாஷ் கடைசி வரிசையைப் பார்த்தான். பொற்கொடி அவனைப் பார்க்கவில்லை. அவன் என்ன சொல்வான் என்று முன்னாலேயே தெரிந்தவள் மாதிரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சிவபிரகாஷுக்குக் கோபம் வருவது, புதுக்கோட்டையில் பனி பெய்வது மாதிரி. யாரும் பார்த்ததில்லை. இப்போது அது பாதத்திலிருந்து கிளம்பியது. மீசைக்காரர் மேல் கொஞ்சம், காதில் குசுகுசுத்த சேர்மன் மேல் கொஞ்சம். மீதி அத்தனையும், ரிஜிஸ்டரைப் பார்த்து மனைவியை எடைபோட்ட ஒரு மடையன் மேல் ஏறியது. அந்த மடையன் இப்போது அவன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

சேர்மன் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கனிவாகச் சொன்னார். "தம்பி சிவபிரகாஷ், வீடியோவைத் தயார் பண்ணது நீங்க. கம்ப்யூட்டர் கோளாறா, பைல் ஏதும் மாறிப்போச்சா? பயப்படாமச் சொல்லுங்க."

சிவபிரகாஷ் எழுந்தான். நேராகப் போய் வீரய்யாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகுதான் பிடுங்கியதே அவனுக்குத் தெரிந்தது. பொற்கொடி வாசலில் கால் வைத்தவள் திரும்பி நின்றாள்.

"கோளாறு ஒண்ணும் இல்லைங்கய்யா. தலையையும் வாலையும்தான் நான் நறுக்கினேன். நடுவுல கை வைக்கலை. குடலைப் பார்த்தா மயங்கி விழுற ஆளு நான், அங்கிட்டுப் போற தைரியம் எனக்கு ஏது? பைல் மாறிப்போச்சுன்னு சொன்னா என் பொண்டாட்டிக்குத் திங்கக்கிழமையிலேருந்து தனியா ஆபரேஷன் தாரேன்னு இப்பத்தான் சேர்மனய்யா என் காதுல சொன்னாங்க. அதுக்கு அவ கை போதும். என் பொய் வேண்டாம்."

சேர்மனின் முகம் வெளுத்தது. சிவபிரகாஷ் சுவரைப் பார்க்கவில்லை. வீரய்யாவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான்.

"அவ போன வாரமே சொன்னா. நான் நம்பலை. எங்க ஆத்தா இன்னைக்குக் காலையில சொல்லுச்சு. அதைக் கேலி பண்ணேன். இந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் அவ சொல்றது ஒருவேளை நிஜமா இருக்கலாம்னு நினைச்சிருப்பீங்க. இருக்கவே இருக்காதுன்னு சாதிச்ச ஒரே ஆளு நான்தான். எழுதிக்கங்க, நானே சொல்றேன். அவ சொன்னதும் நடந்துச்சு, ஆத்தா சொன்னதும் நடந்துச்சு."